அபூதாஹிர் மச்சான் சுருட்டி வைத்தது

என் கூடப்பிறந்த ராத்தா நபீஸாவின் புருஷன் அபூதாஹிர் செய்த படகு எதுவும் இதுவரை கடலில் பிளந்ததில்லை. கிண்ணியாவில் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட இதை ஒத்துக்கொள்வார்கள். முன்கோபக்காரர் என்பார்கள். இரவல் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்க மறப்பவர், கலியாண வீட்டில் இறைச்சி வேகவில்லை என்று சத்தமாகச் சொல்பவர் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் படகைக் குறை சொல்லமாட்டார்கள். அப்படிப்பட்ட மனிசன் ஒரு பாதம் அளவு தட்டைச் செய்து, அது உடைந்து, அதனால் தெருவில் தலை நிமிர்த்தி நடக்க ஏலாமல் போனார். அதைத்தான் எழுதுகிறேன். எழுதட்டா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. என்ட பேரையும் போட்டு எழுது" என்றார். ராத்தாவிடம் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து சேர்வார். உம்மாவின் வளவைப் பிரித்து முன்பக்கத்தை ராத்தாவுக்கும் பின்பக்கத்தை எனக்கும் கொடுத்தார்கள். நடுவில் தகர வேலி. அதில் ஒரு தகரம் எப்போதோ கழன்றது. கறிக்கோப்பை போய்வர வசதி என்று யாரும் திருப்பி அடிக்கவில்லை. அந்த வீட்டுக் கதையை நான் ஒட்டுக்கேட்கத் தேவையில்லை. ராத்தாவின் குரல் அப்படி.

மச்சான் மூதூர்க்காரர். இளமையில் திருகோணமலை துறைமுகப் பக்கம் ஒரு பட்டறையில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடப் பழகினார். சுனாமிக்குப் பிறகு எல்லாருக்கும் படகு வேண்டியிருந்தது. அந்த நேரம் உப்பேரியான களப்புக் கரையில் சொந்தமாக ஒரு கொட்டில் போட்டார். அன்றிலிருந்து ரெசின் பசையின் மணம் அவரைவிட்டுப் போனதே இல்லை. அவருடைய உடுப்பை என் கொடியில் காயப்போட நான் ஒரு நாளும் விட்டதில்லை.

அவர் படகு செய்கிற முறையில் ஒன்று உண்டு. அச்சுக்குள் கண்ணாடி நாரை விரித்து ரெசின் பூசி, அடுத்த அடுக்குப் படை விரிப்பதற்கு முன்னால், படகின் அடிமுதுகான ஏராப் பக்கம் ஒரு செப்புத் தகட்டை மடித்து வைப்பார். அதில் ஓதி எழுதியிருக்கும். இசும் என்போம் நாங்கள். கழுத்தில் கட்டுகிறதும் உண்டு, வாசலில் புதைக்கிறதும் உண்டு. படகில் இப்படி. அதற்கு மேல் அடுத்த படை போய்விட்டால் அது இருக்கிறது என்று செய்தவருக்கும் படகுக்காரனுக்கும் மட்டும்தான் தெரியும். யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. சோற்றுக்கு உப்புப் போட்டாயா என்று யாரும் கேட்கிறார்களா, அப்படித்தான். என் வீட்டுக்காரர் முனீபின் படகிலும் கிடக்கிறது.

பிறகு மச்சான் பள்ளிவாசல் நிருவாகத்துக்குள் போனார். இசும் கட்டுவதும் தகடு புதைப்பதும் மார்க்கத்தில் இல்லாத வேலை, அதை ஊரில் நிற்பாட்ட வேண்டும் என்று நிருவாகம் முடிவெடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அதை மைக்கில் வாசித்தவர் அபூதாஹிர் மச்சான். நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். குரலைக் கேட்டதும் மீன் கருகுவதையும் மறந்து நின்றேன்.

பின்னேரம் வேலி ஓட்டையால் கேட்டேன்.

"மச்சான், அப்ப எங்கட போட்டுக்குள்ள கிடக்கிறத என்ன செய்யிற? அறுத்து எடுக்கிறதா?"

"அது பழைய போட்டு. பழைய கதை."

"புதுப் போட்டுக்கு?"

"உனக்கு வேற வேலை இல்லையா? மீன் கருகின மணம் பள்ளி வரைக்கும் வந்த."

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் இங்கேதான்.

எண்ணெய் விலை ஏறி, தட்டுப்பாடு வந்து, ஆட்கள் புதுப் படகு கேட்பதை விட்டுவிட்டார்கள். பழையதற்கே ஒட்டுமேல் ஒட்டு. கொட்டிலில் வேலை குறைந்தது. மச்சான் களப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தொடங்கினார். அந்த நேரம்தான் ஜெயரூபி வந்தா. திருகோணமலை டவுனில், சின்னப் பட்டறைகளைப் புதுத் தொழிலுக்குக் கொண்டுவர உதவுகிற அலுவலகம் ஒன்றில் வேலை. ஸ்கூட்டியில் வந்து இறங்கி, கதிரை கொண்டுவர முதல், கவிழ்த்துக்கிடந்த ரெசின் வாளியில் ஏறி இருந்துவிட்டா. எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

ஜெயரூபி கொண்டுவந்தது காபன் துணி. கறுப்பு, பளபளப்பு, பாய் மாதிரி நெய்தது. அதைக்கொண்டு செயற்கைக்காலின் பாதத்துக்கு வில் மாதிரி வளைந்த ஒரு தட்டுச் செய்ய வேண்டும். கால் இல்லாதவர்கள் அதில் ஊன்றித்தான் நடப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற தட்டு எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. இங்கேயே செய்தால் கொழும்பில் கால் பொருத்துகிற இடம் ஒன்று வாங்கத் தயார். அலுவலகம் பழக்கும், துணி தரும், காற்றை உறிஞ்சுகிற பம்பை இரவல் தரும், செய்ததைச் சோதித்தும் தரும். மாதிரித் தட்டு சோதனையில் தேறினால் பம்ப் கொட்டிலிலேயே நிற்கும், வேலையும் வரும்.

"நானா, இது போட்டின்ர தங்கச்சிதான்" என்றா ஜெயரூபி, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையிலேயே. "அதே அச்சு, அதே துணி, அதே பசை. ஆனால் தங்கச்சிக்கு ரோசம் கூட. உள்ளுக்க ஒரு தலைமயிர் விழுந்தாலும் கோவிச்சுப்போடுவா."

ராத்தா தேத்தண்ணியோடு நின்றாள். "எங்கட சனூஸா மாதிரியெண்டு சொல்லுங்களன்" என்று என்னைக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அந்த வேலையில் முதல் சிக்கல் துணி வெட்டுவது. காபன் துணியைக் கண்டபடி வெட்டினால் நூல் பிரிந்து கொட்டும். மச்சானும் அவருடைய ஆட்களும் வெட்டிய துண்டுகள் ஆடு கடித்த வாழையிலை மாதிரி இருந்தன. அப்போது நான்தான் றிஷானாவின் பெயரைச் சொன்னேன். எங்கள் தெருக்கோடியில் இருக்கிற தையல்காரி. புருஷன் இன்னொரு கலியாணம் செய்துகொண்டு போய்விட்டான். ஒரு மகளை வைத்துக்கொண்டு தையல் மெசினில்தான் வாழ்க்கை. பிறந்த பிள்ளைக்குச் சட்டை தைப்பதென்றால் ஊரில் எல்லாரும் அவளிடம்தான் கொடுப்பார்கள். உள்தையல்கூட உறுத்தாது.

றிஷானா வந்து ஒரு நாள் அந்தத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் வெட்டினாள். ஜெயரூபி அந்தத் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவவை விட்டுடாதேங்கோ நானா" என்றா.

கொட்டிலில் மறித்தெடுத்த துணி அறைக்குள் மோதிரம், காப்பு, தலை எண்ணெய், ஸ்காஃப் பின் எதுவும் கூடாது என்பது சட்டம். றிஷானா வீட்டுக்குப் போய், தலையால் போடுகிற மாதிரி, பின் எதுவும் குத்தத் தேவையில்லாத ஒரு ஸ்காஃப் தைத்துக்கொண்டாள். எனக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தாள். "அடுப்படிக்கு நல்லம் ராத்தா, நுனி தொங்கி நெருப்புப் பிடிக்காது" என்றாள். இப்போதும் அதைத்தான் போட்டுக்கொண்டு சமைக்கிறேன்.

மாதிரித் தட்டுகள் செய்கிற நாள் வந்தது. துணியை அச்சில் படைபடையாக அடுக்குவார்கள். மேலே பொலித்தீன் தாளைப் போர்த்தி ஓரத்தை ஒட்டிப் பம்பைப் போட்டால், உள்ளே இருக்கிற காற்றெல்லாம் போய்த் தாள் துணியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு குழாயால் ரெசினைக் காட்டினால் அது தானாக உள்ளே இழுபட்டுப் போகும். அடுக்குகிற வேலை மச்சானுடையது. வெட்டிக் கொடுத்துவிட்டு றிஷானா வீட்டுக்குப் போய்விட்டாள். தட்டுகள் காய்ந்து வெளியே வந்தபோது ஒன்றில் குதிப் பக்கம் மெல்லிய மேடு ஒன்று தெரிந்ததாம். மச்சான் அதை அரத்தாளால் தேய்த்துச் சமன் செய்தார். வேறு யாரையும் தேய்க்க விடவில்லை. தட்டுகள் கொழும்புக்குப் போயின.

சோதனை முடிந்து அவை திரும்பி வந்தபோது ஜெயரூபியின் முகத்திலேயே செய்தி இருந்தது. ஒரு தட்டு உடைந்துவிட்டது. மெசின் ஒன்று மனிசன் நடக்கிற மாதிரியே அதை அமத்தி அமத்தி விடுமாம். மற்றவை தாங்கின. இது குதிப் பக்கம் விண்டுபோனது. உள்ளே என்ன என்று எக்ஸ்ரே பிடித்திருக்கிறார்கள். ஜெயரூபி அந்தப் படத்தைப் போனில் காட்டினா. நானும் ராத்தாவும் எட்டிப் பார்த்தோம். சாம்பல் நிறத்துக்குள் வெள்ளையாக ஒரு கோடு. நேராக, மெல்லிசாக, விரலின் ஒரு கணு நீளத்துக்கு.

"இரும்பு மாதிரி ஏதோ ஒண்டு" என்றா ஜெயரூபி. "துணிப் படைக்கு நடுவில கிடக்கு. என்னெண்டு விளங்கேல்லை."

மச்சான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ராத்தா வாயைத் திறந்தாள்.

"இதில விளங்க என்ன இரிக்கி? ஸ்காஃப் பின்தான். அந்தப் புள்ள குத்துற பின் விழுந்திருக்கும்."

றிஷானா அடுத்த பக்கம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "நான் பின் குத்துறல்ல ராத்தா. பாருங்க" என்று தலையைக் குனிந்து ஸ்காஃபைக் காட்டினாள்.

"இண்டைக்குக் குத்தல்ல. அண்டைக்குக் குத்தியிருப்பாய்."

"அண்டைக்கும் இதுதான் போட்டிருந்தன்."

"அப்ப பின் என்ன, பறந்து வந்ததா?"

வேலைக்காரரில் ஒருவன், "பொம்பிளையள உள்ள விட்டா இப்பிடித்தான்" என்றான். இன்னொருவன் சிரித்தான். ஜெயரூபி, "அப்பிடிச் சொல்லாதேங்கோ, இன்னும் தெரியாது" என்றா. றிஷானா மச்சானைப் பார்த்தாள். தட்டை அடுக்கியவர் அவர்தானே, அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். மச்சான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொழுகைக்கு நேரமாச்சு என்று எழும்பிப் போனார். அப்போது தொழுகைக்கு நேரமாகவில்லை.

கிண்ணியாவில் ஒரு கதை நடக்கத் தொடங்கினால் அதற்குக் கால் பொருத்தத் தேவையில்லை. கொட்டிலில் விழுந்த அந்தப் பின், தையல் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியிருந்தது. றிஷானாவின் வாசலில் வருசா வருசம் துணிப் பைகள் குவிகிற நேரம். நான் போனபோது எதிர்வீட்டு ஜெஸ்மின் தான் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் வெட்டாத துணி. அதை அவள் வாசலிலேயே விரித்து, ஓரம் ஓரமாக விரலால் தடவிப் பார்த்தாள்.

"சின்னப் புள்ளட உடுப்பு றிஷானா, மனசில வெச்சிக்காத. பின் கிடந்து குத்திட்டெண்டா?"

றிஷானா அவள் தடவி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நல்லாப் பாத்துட்டியா? மறுபக்கமும் பாரு" என்றாள். ஜெஸ்மின் போன பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் எடுக்க வந்தீங்களா?" என்றாள். நான் கொடுக்க வந்தேன். ஆனால் ராத்தாவின் தங்கச்சி என்ற முகத்தோடு அந்த வாசலில் நிற்க எனக்குக் கூசியது. மெசினுக்குப் பக்கத்தில் பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் முனீப் படகைக் கரையில் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கம் சுரண்டிக்கொண்டிருந்தார். கூட நின்ற ஆளிடம், "அந்த இடத்தில ஆழமாக் கீறாத, தகடு கிடக்கு" என்றார். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்றேன். அந்த நேரம்தான் எனக்கு மண்டைக்குள் விழுந்தது. மடித்து வைத்தால் சதுரம். பாதத் தட்டு மெல்லிசு, அதற்குள் சதுரம் அடங்காது. சுருட்டினால் கோடு.

வீட்டுக்கு வந்து வேலி ஓட்டையால் தலையை விட்டேன். ராத்தா கடைக்குப் போயிருந்தாள். மச்சான் தனியாக இருந்தார்.

"மச்சான், அது பின்தானா?"

"எது?"

"உங்களுக்குத் தெரியாதா எது எண்டு?"

"நீ எக்ஸ்ரே படிச்சவளா?"

"எக்ஸ்ரே தெரியாது. உங்களத் தெரியும்."

கோபப்படுவார் என்று பார்த்தேன். ஏசினால் திருப்பி ஏசத் தயாராகவும் வந்திருந்தேன். அவர் ஏசவில்லை. கையை விரித்து அதையே பார்த்தார்.

"கை கேக்கல்ல சனூஸா" என்றார். "கடைசிப் படை விரிக்கக்குள்ள நினைச்சன், இதில ஒருத்தன் ஏறி நிக்கப் போறான். கால் இல்லாதவன். போட்டெண்டா நீந்தியாவது வருவான். இவன் விழுந்தா? பயந்துட்டன். மிச்சம் கிடந்த தகட்ட ஊசி மாதிரிச் சுருட்டி வெச்சன். அது நிக்கிற இடத்தில மேடா வந்துட்டு. மேட்டத் தேய்க்கப்போய் நாரையும் தேய்ச்சிட்டன். விழுந்துருவான் எண்டு வெச்சது, அதாலயே உடைஞ்சிட்டு."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

"எங்க போய்ச் சொல்ற? மைக்கப் புடிச்சவன் நான்."

"மைக்க நீங்க புடிச்சீங்க. பழிய அவள் புடிச்சிட்டு நிக்கிறாள்."

நான் தலையை வெளியே இழுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த மனிசனைப் பார்க்க ஏலாது. பள்ளியில் முன் வரிசையில் நிற்பவர் கடைசி வரிசைக்குப் போனார். பிறகு எங்கள் பள்ளிக்கே போகாமல், யாரும் அறியாத தூரத்துப் பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தார். தெருக்கோடியால் போனால் றிஷானாவின் வீட்டைத் தாண்ட வேண்டும் என்று, களப்புக் கரையால் சேற்றுக்குள் சுற்றி வந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் முழங்கால் வரை சேறு. ராத்தா அதற்கு ஏசினாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் முதலில் சேற்றுக்குத்தான் ஏசியிருப்பாள்.

ஒரு நாள் என்னிடம் பெரிய பாரை மீன் ஒன்றைத் தந்து, "அந்தப் புள்ளட வீட்டுக்குக் குடு. நான் தந்ததெண்டு சொல்லாத" என்றார்.

கொண்டுபோனேன். றிஷானா மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆர் தந்த?"

நான் பொய்யில் கெட்டிக்காரி இல்லை. மீனை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"அவரா? அப்ப அவருக்கு ஏதோ தெரியும்" என்றாள். "வெட்டின மீனெண்டா உள்ளுக்க என்ன இரிக்கெண்டு பாக்கலாம். இத முழுசா அனுப்பியிருக்காரு. வேணாம் ராத்தா."

மீனைத் திருப்பிக் கொண்டுவந்து மச்சானின் மேசையில் பத்திரிகைக்கு மேல் தொப்பென்று வைத்தேன். "அவக்கு மீன் வேணாமாம்" என்றேன்.

பெருநாள் முடிந்து ஜெயரூபி கொட்டிலில் ஒரு கூட்டம் வைத்தா. இதே வேலை பழகுகிற நிலாவெளிப் பட்டறைக்காரர் வினோதன் வந்தார், குச்சவெளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பள்ளி நிருவாகத்தில் இரண்டொருவரும் ஊர்ப் பெரிய ஆட்கள் என்று வந்து இருந்தார்கள். உடைந்த தட்டு ஜெயரூபியின் பையில் இருந்தது. அதை அறுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. பின் என்றே முடிவாகிவிட்டது. இனி என்ன செய்வது என்பதுதான் கதை. நானும் ராத்தாவும் தேத்தண்ணியோடு பின்னால் நின்றோம். றிஷானா வரவில்லை.

"துணி அறைக்குள்ள ஸ்காஃப் போட்ட பொம்பிளையள் வேண்டாம் எண்டு ஒரு சட்டம் போடலாம்" என்றார் குச்சவெளிக்காரர் ஒருவர். "பிரச்சினை முடிஞ்சிது."

"அப்பிடிச் சட்டம் போட ஏலாது" என்றா ஜெயரூபி.

"பின்ன என்ன செய்யிற? ஒருத்தின்ட கவனக்குறைவால எல்லாப் பட்டறைக்கும்தானே கெட்ட பேர்."

பள்ளி ஆட்களில் ஒருவரும் தலையாட்டினார். "ஓம், அந்தப் புள்ளையள் வீட்டோட இரிக்கிறதுதான் மரியாதை."

மச்சான் எழும்பினார். "ஜெயரூபித் தங்கச்சி, அந்தத் தட்டக் குடுங்க" என்றார்.

வாங்கிக்கொண்டு போய் வெட்டுகிற மெசினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் ஒருவருக்கும் கதைக்க ஏலாது. கறுப்புத் தூசு பறந்தது. முகத்துக்குத் துணிகூடக் கட்டவில்லை. உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் குறுக்கே அறுத்து, உளியை விட்டு நெம்பினார். மெசின் நின்றது. கொண்டுவந்து மேசையில் வைத்தார். கறுப்புக்கு நடுவே சிவப்பாக மினுங்கியது. பின் என்றால் வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும்.

நகத்தால் அதைக் கிளப்பி, மெல்ல மெல்ல விரித்தார். பாதி கிழிந்தது. மீதியில் எழுத்து இருந்தது.

ஜெயரூபிக்கு விளங்கவில்லை. "இது என்ன நானா?"

பள்ளி ஆட்களுக்கு விளங்கிவிட்டது. அவர்கள் குனிந்து தரையைப் பார்த்தார்கள். ஆனால் ஜெயரூபி கேட்டுக்கொண்டு நின்றா. ஆகவே மச்சான் தன் வாயால் சொல்லவேண்டி வந்தது. மைக்கில் வாசித்த அதே வாய்.

"இசும். ஓதி எழுதின தகடு. நான் வெச்சனான். போட்டுக்கு வெக்கிற மாதிரி இதுக்கும் வெச்சிட்டன். மேட்டத் தேய்ச்சதும் நான். றிஷானாக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சிட்டுத்தான் பேசாம இரிந்தன்."

வினோதன்தான் முதலில் வாயைத் திறந்தார். "எங்கட ஆக்களும் தேங்காய் உடைக்கிறவைதான் நானா. ஆனா தட்டுக்கு வெளியில உடைக்கிறவை."

கொட்டில் சிரித்தது. வேலைக்காரர் சிரித்தார்கள், குச்சவெளிக்காரர் சிரித்தார், பள்ளி ஆட்களில் ஒருவர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். யாராவது ஏசியிருந்தால் மச்சான் தாங்கியிருப்பார். சிரிப்பைத் தாங்க ஏலவில்லை. காதெல்லாம் சிவந்து, தூசு படிந்த முகத்தோடு அப்படியே நின்றார். ராத்தா கோப்பைத் தட்டத்தை என் பக்கம் நீட்டினாள். நான் தட்டத்தை வாங்கிக்கொண்டேன். "நான்தானே பின் எண்டு சொன்ன" என்றாள் வாய்க்குள். "ஓம், நீதான்" என்றேன்.

ஜெயரூபி சிரிக்கவில்லை. அவ கேட்டது ஒன்றே ஒன்று. "நானா, மற்றத் தட்டுகளுக்குள்ளயும் இருக்கோ?"

"இல்ல தங்கச்சி. ஒண்டுக்குத்தான் தகடு மிச்சம் கிடந்த."

"இதை நான் எழுதித்தான் குடுக்கவேணும். மறைக்க ஏலாது."

"மறைக்க வேணாம்."

அன்றைக்கே பம்ப் நிலாவெளிக்கு ஏறிப்போனது. வினோதனும் ஆட்களும் அதை லொறியில் ஏற்றும்போது மச்சானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார்.

மறுநாள் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான் ராத்தாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு றிஷானாவின் வீட்டுக்குப் போனார். ஆண் தனியாக அந்த வாசலுக்குப் போவது சரியில்லை. இந்தத் தடவை தெருவால்தான் போனார். கதவு திறந்திருந்தது, மெசின் ஓடவில்லை. றிஷானா வாசலுக்கு வந்தாள். கதை அவளிடம் அதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"உள்ள வாங்க எண்டு சொல்லமாட்டன்" என்றாள். "அங்க நிண்டே சொல்லுங்க. மைக்ல கதைச்ச குரல்தானே, கேக்கும்."

எதிர்வீட்டு ஜெஸ்மின் வேலிக்குப் பக்கத்தில் வந்து, உடுப்புக் காயப்போடுகிற மாதிரி நின்றாள். காயப்போட அவள் கையில் ஒன்றும் இல்லை.

மச்சான் சொன்னார். தகட்டை வைத்தது, மேட்டைத் தேய்த்தது, தெரிந்தும் எழும்பிப் போனது, மீன் அனுப்பியது. எல்லாவற்றையும் தெருவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். கடைசியில், "என்ன மன்னிச்சிக்க புள்ள" என்றார்.

றிஷானா ராத்தாவைப் பார்த்தாள். ராத்தா முந்தானையைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"கேக்கல்ல" என்றாள் றிஷானா.

எங்கள் ராத்தா வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் எழும்பாமல் நின்றாள். பிறகு, "நான் சொன்னது பிழை. நீ பின் குத்துறல்ல" என்றாள்.

"இப்ப கேட்ட" என்று சொல்லிவிட்டு றிஷானா உள்ளே போனாள். கதவை அடைக்கவில்லை. நாங்கள் திரும்பி வருகையில் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. எதைத் தைத்தாளோ தெரியாது. ஒருவேளை நான் வைத்துவிட்டு வந்த துணியாக இருக்கும்.

ஜெஸ்மினின் துணிப் பை அந்தக் கிழமையே றிஷானாவிடம் திரும்பிப் போனது என்று கேள்விப்பட்டேன். றிஷானா அதை வாங்கினாள், ஆனால் வாசலிலேயே விரித்து ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாளாம். "உன்ட பின் ஏதும் கிடந்தா பிறகு என்ட தலையில" என்றாளாம். நல்ல வேலை.

பள்ளி நிருவாகத்திலிருந்து மச்சான் தானாக விலகினார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. முனீப் ஒரு நாள் சும்மா இருக்காமல், "மச்சான், போட்டுக்கு இனி வெப்பீங்களா?" என்று கேட்டார். "உனக்கு வேணுமெண்டா உன்ட சட்டைப் பையில வெச்சிட்டுப் போ" என்றார் மச்சான். பிள்ளைகள் சிலர் அவரைக் கண்டால் "தகட்டு நானா" என்று ஒளிந்து நின்று கூப்பிடுவார்கள். முன்பென்றால் துரத்துவார். இப்போது கேட்காத மாதிரிப் போவார்.

மாரி கழிந்து அலுவலகம் அடுத்த சுற்றுத் தொடங்கியபோது ஜெயரூபி வந்தா. வாளியில் இருக்கவில்லை, நின்றே கதைத்தா. பம்ப் திரும்பி வரும், இன்னொரு தடவை பார்க்கலாம், ஆனால் துணி அறை இனி ஒரு ஆளின் பொறுப்பில் இருக்கவேணும், அந்த ஆள் சம்மதிக்காமல் உள்ளே ஒருவரும் போக ஏலாது என்றா. யார் என்று மச்சான் கேட்கவில்லை.

"அவ வருவாவோ தெரியாது" என்றார்.

"கேட்டுப்போட்டுத்தான் வாறன்" என்றா ஜெயரூபி.

றிஷானா வந்தாள். அதே தலையால் போடுகிற ஸ்காஃப். நான் தேத்தண்ணியோடு போனபோது துணி அறைக் கதவில் ஒரு மேசையைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றாள். ஆட்கள் ஒவ்வொருவராக மோதிரம், மணிக்கூடு, போன், சாவி என்று மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். கடைசியாக மச்சான்.

"சட்டைப் பையத் திருப்புங்க" என்றாள்.

திருப்பினார். தூசு மட்டும்தான்.

"சாரத்து மடிப்பு?"

அந்த மடிப்புக்குள் வைத்துத்தான் அன்றைக்குத் தகட்டைக் கொண்டுபோனதாக மச்சான் பிறகு என்னிடம் சொன்னார். அவளிடம் அதைச் சொல்லவில்லை அவர், ஆனால் அவளுக்கு அது தெரிந்திருந்தது; அல்லது ஆண்கள் எதை எங்கே வைப்பார்கள் என்று தைக்கிறவளுக்குத் தெரியும். அறுபதைத் தொடப்போகிற மனிசன், ஊருக்குப் படகு செய்து கொடுத்தவர், மகள் வயதுள்ள ஒருத்தி முன்னால் இடுப்பு மடிப்பை அவிழ்த்து, விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். முகம் நிலத்தில் இருந்தது.

வேண்டாம் நானா, பரவாயில்லை என்று றிஷானா சொல்லவில்லை. பார்த்தாள். கடைசி வரைக்கும் பார்த்தாள். பிறகு மேசையை ஒரு பக்கம் இழுத்து வழிவிட்டாள்.